சூடோஜீனுக்குத் தமிழில் 'தூர்மரபணு' என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பரிணாமப் பாடத்துக்கான சொற்பட்டியலில் பாக்டீரியா, வைரஸ், குரோமோசோம் மூன்றையும் அப்படியே எழுதுவது என்று முடிவாகிவிட்டது. எனக்கும் அதில் சம்மதம். பிள்ளைகள் வாயில் புழங்கும் சொல்லைப் பிடுங்கிவிட்டுப் புதிது கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பட்டியலில் சூடோஜீனுக்கு, அதாவது எழுத்து வரிசை கெட்டுப் புரதம் செய்ய முடியாமல் கிடக்கும் மரபணுவுக்கு, நேராக 'போலி மரபணு' என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெயர் மாணவருக்குப் பொருளைத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறது. அதற்குப் பதிலாக 'தூர்மரபணு' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

முதலில் பொருள். உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம், வேலூரிலேயே இருக்கிறது. காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் ஆராய்ச்சி மையம் நடக்கிறது. அந்த நோயைக் கொடுக்கும் பாக்டீரியாவான மைக்கோபாக்டீரியம் லெப்ரேயை நார்வேக்காரர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். அதன் மரபணுத்தொகுதியை, அதாவது அதன் டி.என்.ஏ. முழுவதையும், படித்து 2001இல் வெளியிட்டார்கள். படிப்பதற்கு எடுத்துக்கொண்ட கிருமி வகையின் பெயர் டி.என்., அதாவது தமிழ்நாடு. இங்கிருந்து போன கிருமி அது. ஆய்வகத் தட்டில் வளராது என்பதால் ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கின் உடலில் வளர்த்துத்தான் படித்தார்கள்.

அந்தத் தொகுதியில் சுமார் 32 லட்சத்து 68 ஆயிரம் டி.என்.ஏ. எழுத்துகள். புரதம் செய்யும் மரபணுக்கள் 1,604. சூடோஜீன்கள் 1,116. இதே பேரினத்தைச் சேர்ந்த காசநோய்க் கிருமியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குச் சுமார் 44 லட்சம் எழுத்துகள், சுமார் 4,000 மரபணுக்கள், சூடோஜீன்கள் விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டுக்கும் ஒரே மூதாதை. தொழுநோய்க் கிருமியின் வழி வந்தவை மனித உடலின் செல்லுக்குள்ளேயே, அதிலும் நரம்பைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்லுக்குள், வாழப் பழகிக்கொண்டன. வேண்டியதில் பாதி அங்கேயே கிடைத்தது. வெளியில் பிழைப்பதற்கு உதவிய மரபணுக்கள் கெட்டாலும் அந்தக் கிருமிக்கு நட்டமில்லை என்று ஆயிற்று. கெட்டவற்றை இயற்கைத் தேர்வு கழித்துக்கட்டவில்லை; ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போயின. இன்று அந்தக் கிருமி ஒரு முறை இரண்டாகப் பிரியவே 12 முதல் 14 நாள் ஆகிறது.

கெடுவது என்றால் எப்படி? எழுத்து ஒன்று மாறி, பாதி வழியிலேயே 'இங்கே நிறுத்து' என்ற குறி முளைக்கலாம். ஓர் எழுத்து விழுந்துபோய், அதற்கப்புறம் உள்ள வாசிப்பு முழுவதும் தடம் புரளலாம். வரிசை பெரும்பாலும் அப்படியே இருக்கும். காசநோய்க் கிருமியின் மரபணுவோடு ஒப்பிட்டால் 'இது அதுதான்' என்று அடையாளம் சொல்லிவிடலாம். புரதம் மட்டும் வராது.

இதில் பாடத்தில் கட்டாயம் வர வேண்டிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரை தானாக வேலை செய்யாது. கிருமியின் கேட்-ஜி என்ற மரபணு செய்யும் நொதிதான் அதை முடுக்கிவிட வேண்டும். தொழுநோய்க் கிருமியில் அந்தக் கேட்-ஜி சூடோஜீனாகிவிட்டது. அதனால் அந்த மருந்து தொழுநோய்க்குப் பயன்படுவதில்லை. ஒரே பேரினத்தின் இரண்டு கிருமிகள், ஒன்றுக்குப் பிடிக்கும் மருந்து இன்னொன்றுக்குப் பிடிக்காது. காரணம் கெட்டுப்போன ஒரு மரபணு. பரிணாமம் என்பது பழைய எலும்போடு முடிந்துபோன கதையல்ல, மருந்துச்சீட்டு வரை வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது 'போலி'க்கு வருகிறேன். போலி மருத்துவர் என்றால் அவர் ஒருநாளும் மருத்துவராக இருந்தவரில்லை. போலிச் சான்றிதழ் என்றுமே சான்றிதழாக இருந்ததில்லை. கேட்-ஜி அப்படியா? அந்தக் கிருமியின் மூதாதைகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்த அசல் மரபணு அது. சரி, இலக்கணத்துப் போலியை நினைத்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் ஒத்துவரவில்லை. பந்தல் பந்தர் ஆகிறது, லகரம் இருந்த இடத்தில் ரகரம் நின்று அதே வேலையைச் செய்கிறது, பொருள் மாறுவதில்லை. நம் மரபணுவோ இடத்தில் நிற்கிறது, வேலைதான் செய்வதில்லை. ஆக, வழக்கில் உள்ள போலி, இலக்கணத்தில் உள்ள போலி இரண்டுமே பொருந்தவில்லை.

ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்ததற்கு நியாயம் உண்டு. 1977இல் ஆப்பிரிக்கத் தவளையின் டி.என்.ஏ.வில் ஓர் அசல் மரபணுவுக்குப் பக்கத்திலேயே அதைப் போன்ற குறைப்பகுதி ஒன்றைப் பார்த்தார்கள். அசலை ஒத்திருந்தது, ஆனால் அசல் இல்லை. அதற்கு அந்தப் பெயர் போதும். பின்னால் கண்டவையெல்லாம் அந்தப் பெயருக்குள் வந்து அடைந்துகொண்டன. நாம் இப்போதுதான் பெயர் வைக்கிறோம். 1977க்குப் பிறகு தெரிந்ததையும் சேர்த்துப் பார்த்தே வைக்கலாம்.

'தூர்தல்' என்ற வினை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வட ஆற்காடு ஏரிப்பாசனத்தையும் கிணற்றுப்பாசனத்தையும் நம்பியிருந்த பூமி. கவனிக்காமல் விட்ட கிணறு தூர்ந்துபோகும். சுற்றுச்சுவர் நிற்கும், படிக்கட்டு நிற்கும், யார் பார்த்தாலும் கிணறு என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் இருக்காது. ஒரே நாளில் ஆனதும் இல்லை. யாருக்கும் அந்தத் தண்ணீர் தேவைப்படாமல் போனதால் மெல்ல மெல்ல நிரம்பியது. சூடோஜீனைப் பற்றி மாணவருக்குத் தெரிய வேண்டியது எல்லாமே இந்த வினையில் இருக்கிறது: முன்பு பயன்பட்டது, வடிவம் மிச்சமிருக்கிறது, பயன் நின்றுவிட்டது, படிப்படியாக நடந்தது, தேவை ஒழிந்ததே காரணம்.

இலக்கணப்படி இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல. தூர்ந்த மரபணு, தூர்கின்ற மரபணு, தூரும் மரபணு என்று மூன்று காலத்துக்கும் விரியும். பரிணாமத்தில் நடந்துகொண்டே இருக்கும் ஒன்றுக்கு வினைத்தொகையில் பெயர் அமைவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வினையாகவும் புழங்கலாம்: 'கேட்-ஜி தூர்ந்துவிட்டது', 'மரபணு தூர்தல்'. 'போலி'யை வைத்துக்கொண்டு இந்த வாக்கியங்களை எழுதிப் பாருங்கள், 'போலியாகிவிட்டது' என்றுதான் எழுத முடியும். படிப்பவருக்கு யாரோ ஏமாற்றிய மாதிரி தோன்றும்.

முந்தைய மடல்களில் வந்த மாற்றுச் சொற்களுக்கும் ஐயங்களுக்கும் என் பதில்:

> 'செயலிழந்த மரபணு' என்றால் எல்லோருக்கும் புரியுமே ஐயா. எதற்குப் புதுச் சொல்?

புரியும் அம்மா, ஆனால் வேறொன்றாகப் புரியும். நம் தோல் செல்லில் ஹீமோகுளோபின் மரபணு செயல்படுவதில்லை. பெண்களின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றின் பெரும்பகுதி ஒவ்வொரு செல்லிலும் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அங்கெல்லாம் எழுத்து வரிசை கெடவில்லை, மரபணு முழுசாக இருக்கிறது, செயல் மட்டும் நிறுத்தப்பட்டிருக்கிறது. 'செயலிழந்த' என்பதை அதற்கு விட்டுவைப்போம். அடக்கி வைத்ததற்கும் கெட்டுப்போனதற்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் குழம்புவார்கள்.

> செத்த மரபணு?

கெட்டுப்போனவற்றில் சிலவற்றிலிருந்து இன்னும் ஆர்.என்.ஏ., அதாவது மரபணுவைப் பார்த்து எழுதப்படும் நகல், வருகிறது. தொழுநோய்க் கிருமியிலேயே அப்படி உண்டு. மனிதரில் பி-டென் என்ற புற்றுத் தடுப்பு மரபணுவின் சூடோஜீன், தன் ஆர்.என்.ஏ. மூலம் அசலின் அளவைப் பாதிக்கிறது என்று 2010இல் காட்டினார்கள். செத்தது என்று முத்திரை குத்திவிட்டால் இதைச் சொல்லும்போது திணற வேண்டியிருக்கும்.

> சிதைந்த மரபணு, அழுகிய மரபணு என்றும் யோசிக்கலாம்.

'சிதைந்த' வரை எனக்குப் பெரிய மறுப்பில்லை. மட்குதலுக்கும் கதிரியக்கத்துக்கும் ஏற்கெனவே 'சிதைவு' என்று எழுதுகிறோம் என்பதுதான் குறை. 'அழுகிய' என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இந்தச் சொல்லுக்கு முதல் எடுத்துக்காட்டாக வரப்போவது தொழுநோய்க் கிருமி. அந்த நோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்ற நம்பிக்கை எத்தனை குடும்பங்களை ஊரைவிட்டு ஒதுக்கியது என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அந்த நம்பிக்கை தவறு என்று காட்டினார். நரம்பு பாதித்து வலி தெரியாமல் போவதால், சூடு பட்டும் காயம் பட்டும் புண்ணாகித்தான் விரல்கள் குறைகின்றன. இன்று கூட்டு மருந்தில் முழுமையாகக் குணமாகிற நோய் அது. அதன் பாடத்தில் 'அழுகல்' என்ற சொல்லை நாமே கொண்டுபோய் வைக்கக்கூடாது.

> எச்ச உறுப்பு என்று பாடநூலில் இருக்கிறது. அதே வழியில் 'எச்ச மரபணு'?

வந்தவற்றில் இதுதான் மிக நல்ல மாற்று. நானும் நெடுநேரம் யோசித்தேன். சில சூடோஜீன்களுக்கு இது அச்சாகப் பொருந்தும். வைட்டமின் சி செய்யும் குலோ மரபணு நமக்கும் சிம்பன்சிக்கும் குரங்குகளுக்கும் கெட்டுவிட்டது, அதனால்தான் உணவில் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் பல சூடோஜீன்கள் அப்படி அல்ல. ஒரு மரபணு இரண்டு படியாகி (நகலாகி), ஒன்று வேலையில் இருக்க, மற்றது கெட்டுப்போகும். அங்கே எந்தத் திறனும் போகவில்லை, அதனால் எதன் எச்சம் என்று கேட்டால் பதில் இல்லை. 'தூர்ந்தது' என்றால் இரண்டுக்கும் சரியாக வரும்.

குலோவைச் சொன்னதால் வகைப்பாட்டுக்கு இதனால் வரும் பயனையும் சொல்லிவிடுகிறேன். கினிப்பன்றிக்கும் குலோ தூர்ந்துவிட்டது. ஆனால் அது கெட்ட விதம் வேறு, நமது கெட்ட விதம் வேறு. நமக்கும் சிம்பன்சிக்கும் சேதம் ஒத்துப்போகிறது. ஒரே பிழை இரண்டு ஏட்டில் இருந்தால் இரண்டும் ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதியவை என்று பதிப்பாசிரியர்கள் முடிவு செய்வதும் இந்த முறையில்தான். இந்தியா, தாய்லாந்து, பிரேசில், அமெரிக்கா ஆகிய நாடுகளின் தொழுநோய்க் கிருமிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியிட்டார்கள். வரிசை 99.995 சதவீதம் ஒன்றாக இருந்தது. தூர்ந்த மரபணுக்களும் ஏறத்தாழ எல்லாம் பொது. அப்படியென்றால் கிருமி உலகெங்கும் பரவுவதற்கு முன்பே அவை தூர்ந்திருக்க வேண்டும். டைபாய்டு கிருமியிலும் இதே கதை. மனிதரை மட்டும் தாக்கும் சால்மோனெல்லா டைஃபியில் 200க்கும் மேற்பட்ட தூர்மரபணுக்கள். பல விலங்குகளில் வாழும் அதன் உறவான டைஃபிமூரியத்தில் மிகக் குறைவு. கிருமி ஒரே விருந்தோம்பியோடு, அதாவது தனக்கு இடம் கொடுக்கும் ஒரே உயிரினத்தோடு, ஒட்டிக்கொண்டால் தூர்தல் கூடும் என்பதை இந்த இரண்டு நோய்களை வைத்தே நடத்திவிடலாம்.

> எங்கள் பாடநூல்களில் மரபணு இல்லை, பரம்பரையலகு. பரிணாமம் இல்லை, கூர்ப்பு. இந்தச் சொல் எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?

யாழ்ப்பாணத்து நண்பரின் கேள்வி மிக நியாயமானது. 'தூர்பரம்பரையலகு' வாய்க்கு நீளம்தான். 'தூர்ந்த பரம்பரையலகு' என்று விரித்து எழுதலாம், வினை பொதுவாக இருக்கும். பெயர்ச்சொல்லில் இரண்டு கரையும் பிரிந்து கிடந்தாலும் வினையில் சேரலாம் அல்லவா? கிணறு தூர்வதை அங்கேயும் அப்படித்தான் சொல்கிறீர்களா என்று எழுதுங்கள். வேறு வினை புழங்கினால் அதையும் எடைபோட வேண்டும்.

> 'தூர்' என்றால் அடி, வேர்ப்பகுதி என்றும் பொருள். நெற்பயிர் தூர் கட்டுகிறது என்கிறோமே.

உண்மை. தனியாக 'தூர்' என்று நின்றால் அந்த ஐயம் வரும். 'தூர்ந்தது', 'தூர்தல்' என்று வினையாக வரும்போது வராது. அதனால் பாடத்தில் முதன்முதலாக வரும் இடத்தில் 'தூர்ந்துபோன மரபணு' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து 'தூர்மரபணு' என்று போகலாம். அடைப்புக்குறிக்குள் ஆங்கிலம் எழுதுவதைவிட இது நல்ல வழி.

கடைசியாக, இந்தச் சொல் முழுதாகப் பொருந்தாத ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். சூடோஜீன்களில் ஒரு வகை இருக்கிறது. ஒரு மரபணுவிலிருந்து வந்த ஆர்.என்.ஏ., மறுபடி டி.என்.ஏ.வாக எழுதப்பட்டு, குரோமோசோமில் வேறெங்கோ போய்ச் செருகிக்கொள்ளும். ஆர்.என்.ஏ.வைத் திரும்ப டி.என்.ஏ. ஆக்கும் அந்த நொதி, எச்.ஐ.வி. போன்ற ரெட்ரோவைரஸ்கள் வைத்திருக்கும் நொதிக்கு உறவு. செருகிய படியில் முடுக்கும் பகுதி இருக்காது, ஆகவே பெரும்பாலும் ஒருநாளும் வேலை செய்திருக்காது. ஒருபோதும் வேலை செய்யாத ஒன்றை 'தூர்ந்தது' என்பது கொஞ்சம் இழுத்துப் பொருத்துவதுதான். மனித மரபணுத்தொகுதியில் இவை ஆயிரக்கணக்கில் இருப்பதால் ஒதுக்கிவிடவும் முடியாது. என் யோசனை, 'தூர்மரபணு'வைப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டு இந்த வகைக்கு 'படிவழித் தூர்மரபணு' என்று அடை சேர்ப்பது. இதற்கு மட்டும் 'போலிப்படி' என்று தனிப்பெயர் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். தவளையில் பார்த்த அந்த முதல் பொருளுக்குப் 'போலி' ஓரளவு ஒத்துப்போனது போல, இங்கும் ஒத்துப்போகிறது.

இந்த ஒரு வகைக்கு நல்ல பெயர் தோன்றுபவர்கள் எழுதுங்கள். பட்டியலில் மற்ற இடங்களில் 'போலி மரபணு'வை நீக்கி 'தூர்மரபணு' என்று மாற்றிக்கொள்ள மறுப்பிருந்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து