பத்து பீரியடில் தெருக்கூத்தாம்!

செய்யாறு கட்டியக்காரன்:
நேத்து இன்னொரு இழையில மேடைப்பித்தன் எழுதினதைப் பார்த்தீங்களா? "ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்தே பீரியடில் தெருக்கூத்து கற்றுக்கொடுத்துவிட்டோம்." கூடவே நாலு நிமிஷ வீடியோ. அதுக்குக் கீழ வாழ்த்து மழை. நானும் பார்த்தேன். ரெண்டு பையனுங்க பெட்ஷீட்டைத் திரையாப் பிடிச்சிருக்காங்க. பின்னாடி அபிமன்னன், அதான் அபிமன்யு வேஷத்துல ஒரு பையன், தலையில தெர்மாகோல் கிரீடம், அது ஒரு பக்கம் பிஞ்சு தொங்குது. திரைக்குப் பின்னாடி நின்னு பாடணும், கிரீடத்தை மட்டும் மேல காட்டணும், யாரு வேஷம்னு ஜனம் எக்கிப் பார்க்கிற நேரத்துல திரை விலகணும். அதுதான் திரை. இந்தப் பையன் பாட்டும் இல்லாம பதமும் இல்லாம பெட்ஷீட்டை ஒதுக்கிட்டுக் கேமராவுக்கு டாட்டா காட்டுறான்.

ஒரு பீரியட் 45 நிமிஷம். பத்து பீரியட்னா ஏழரை மணி நேரம். எங்க ஊர்ப் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மத்தளம் விழுந்தா காலையில ஆறு மணிக்குத்தான் வேஷம் கலைப்பாங்க. எட்டு மணி நேரம். ஒரு ராத்திரி கூத்தை உட்கார்ந்து பார்க்கவே எட்டு மணி நேரம் ஆகும்யா, நீங்க ஏழரையில கத்தே கொடுத்துட்டீங்களா? நம்பரே சரியில்லையே, ஏழரை!

மேடைப்பித்தன்:
வணக்கம் சார். யாரையும் முழுநேரக் கலைஞர் ஆக்கிட்டோம்னு நாங்க சொல்லலை. கற்றுக்கொடுப்பதுன்னா என்ன பொருள்ல சொன்னோம்னு அந்தப் பதிவுலயே இருக்கு. வகுப்பை விட்டு வெளிய வந்து, கூச்சம் விட்டு, நாலு பேர் முன்னாடி குரலை எடுக்கிறது. அவ்வளவுதான். அப்புறம், ஒத்திகையையும் சேர்த்தா பத்து இல்லை, பதினோரு பீரியட்.

செய்யாறு கட்டியக்காரன்:
கூச்சம் விடுறதுக்கு எதுக்குத் தம்பி தெருக்கூத்து? கபடி ஆடச் சொல்லு, கூச்சம் தன்னால போகும். நேத்து பத்து, இன்னிக்குப் பதினொண்ணா? நாளைக்கு எத்தனை?

கணக்கு சார்:
பதினோரு பீரியட்னா 495 நிமிஷம். எட்டேகால் மணி நேரம். உங்க எட்டு மணி நேரத்தைத் தாண்டிடுச்சே ஐயா? 😀

செய்யாறு கட்டியக்காரன்:
ஒத்திகை கணக்குல வராது.

கணக்கு சார்:
ஏன் வராது?

செய்யாறு கட்டியக்காரன்:
வராதுன்னா வராது. ஒத்திகைங்கிறது கத்துக்கிட்டவன் பார்க்கிறது. கத்துக்காதவனுக்கு ஏது ஒத்திகை? அடவு, அதாவது ஆட்டத்தோட காலடி முறை, தெரியாம சுத்தினா அது கூத்து இல்லை, கிறுகிறுப்பு. எங்கப்பா எனக்கு முதல் ஒரு வருஷம் வேஷமே கொடுக்கலை. திரை பிடிக்கிறது, சலங்கைக்குக் கயிறு திரிக்கிறது, அரிதாரம் குழைக்கிறது, இவ்வளவுதான் வேலை. முதமுதலா தோள்ல புஜக்கட்டைங்கிற மர அணியைக் கட்டின அன்னிக்குக் கயிறு இறுக்கின தடம் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் சிவந்து கிடந்துச்சு. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே பள்ளிக்கூடத்துல உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் கேட்டதுக்கு மரத்துல இருந்து விழுந்துட்டேன்னு பொய் சொன்னேன். கூத்தாடின்னா அந்தக் காலத்துல மதிப்பு அப்படி. இப்ப அதே கூத்து சான்றிதழோட வருது. ஏழரை மணி நேரத்துல!

பகுதிநேர ஓவியர்:
கூத்தை விடுங்க. கலைக்கல்வி, கலைக்கல்வின்னு எல்லாரும் கூவுறீங்களே, யாரை வச்சு நடத்துறதுன்னு யாராவது யோசிச்சீங்களா? 2012ல ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினின்னு பதினாறாயிரத்துச் சொச்சம் பேரைப் பகுதிநேர ஆசிரியரா அரசுப் பள்ளிக்கு எடுத்தாங்க. வாரத்துக்கு மூணு அரை நாள், மாசம் 5,000 ரூபாய். நானும் அதுல ஒருத்தன். அந்தப் பட்டியல்ல நாடகம்னு ஒரு வார்த்தையே கிடையாது. 2022ல கலைத் திருவிழா வந்துச்சு, ஜெயிச்ச பிள்ளைங்களுக்குக் கலையரசன், கலையரசின்னு பட்டம் கொடுத்தாங்க. சந்தோஷம். ஆனா வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே? போட்டி வந்தாத்தான் ஞாபகம் வருது.

கணக்கு சார்:
ஆள் இருந்தாலும் பீரியட் எங்கே இருக்கு? தேர்வு முடிவு குறைஞ்சா விளக்கம் கேட்டு ஓலை எனக்குத்தான் வரும். அபிமன்னனுக்கு வராது.

பகுதிநேர ஓவியர்:
சார் வாயைத் திறக்க வேண்டாம். டிசம்பர் வந்தா என் பீரியடைக் கடன் கேட்டு வாங்கிட்டுப் போறது உங்க ஆளுங்கதான். "சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும்"னு ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் திரும்பி வராது. பிள்ளைங்க கலர் பென்சிலைச் சீவி வச்சுக்கிட்டு வாசலையே பார்த்துட்டு இருக்கும், நீங்க அல்ஜீப்ராவோட உள்ள வருவீங்க.

கணக்கு சார்:
நான் ஒரு பள்ளியிலயும் அப்படிச் செஞ்சது இல்லை. பொதுவா பேசாதீங்க.

பகுதிநேர ஓவியர்:
உங்களைச் சொல்லலை. உங்க ஆளுங்கன்னுதான் சொன்னேன். குத்துனா நான் என்ன செய்ய?

யாழ் அரங்கன்:
அண்ணைமார், ஏன் இந்தச் சண்டை? எங்கட பக்கம், இலங்கையில, நாடகமும் அரங்கியலும் உயர்தரத்தில, உங்கட ப்ளஸ் டூ மாதிரி, ஒரு பாடமாவே இருக்கு. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினவர். பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கெண்டே நாடகம் எழுதினவர். விளையாட்டில தொடங்கி, பிறகுதான் நடிப்புக்கு வருவினம். முதல் நாளே அடவு, தாளம் எண்டு வெருட்டினா பிள்ளை ஓடிப்போயிடும்.

செய்யாறு கட்டியக்காரன்:
உயர்தரப் பாடம்னா பரீட்சை உண்டா தம்பி?

யாழ் அரங்கன்:
ஓம், உண்டு.

செய்யாறு கட்டியக்காரன்:
அப்ப நோட்ஸும் உண்டு. "நாடகத்தின் கூறுகள் யாவை, ஐந்தினை விளக்குக." இதைத்தானே சொல்றீங்க?

யாழ் அரங்கன்:
செய்முறையும் இருக்கு அண்ணை. தெரியாத ஒண்டைப் பற்றி இவ்வளவு உறுதியா எப்பிடிக் கதைக்கிறியள்?

செய்யாறு கட்டியக்காரன்:
தெரிஞ்சதைப் பத்தித்தான் பேசுறேன். ஏழரை மணி நேரம்.

புஞ்சை நிலா:
ஐயா ஒரு திருத்தம். தெருக்கூத்துன்னு சொல்றதே தப்பு, கட்டைக்கூத்துன்னு சொல்லணும். தெருன்னு சேர்த்துச் சொன்னதாலதான் அதை மட்டமாவே பார்த்தாங்க. உண்மையிலேயே பிள்ளைங்களுக்குக் கூத்து சொல்லிக்கொடுத்த இடத்தைப் பத்தி இங்க ஒருத்தரும் பேசலை. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல பெ. ராஜகோபால், ஹன்னே டி புருய்ன் நடத்தின குருகுலம். 2002ல இருந்து 2020 வரைக்கும் இருந்துச்சு. பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒண்ணாவே நடந்துச்சு. பெண் பிள்ளைங்களும் வேஷம் கட்டினாங்க. அதுதான் கற்றுக்கொடுத்தல்.

செய்யாறு கட்டியக்காரன்:
எங்க தாத்தா தெருவுலதான் ஆடினாரு, அதனால தெருக்கூத்து. வீட்டுக்குள்ள ஆடியிருந்தா வீட்டுக்கூத்துன்னு சொல்லியிருப்போம். பேரை மாத்தினா மரியாதை வந்துடுமா? 1977ல கூத்துப்பட்டறைங்கிற நாடகக் குழுவை ஆரம்பிச்ச ந. முத்துசாமி, பரம்பரையா கூத்து ஆடுற புரிசைத் தம்பிரான்களைத் தேடிப் போனப்ப, தெருன்னு பேர் இருக்கேன்னு திரும்பி வந்துட்டாரா? ஆனா நீங்க சொன்ன குருகுலம் நான் சொல்றதுக்குத்தான் சாட்சி. அங்க வருஷக்கணக்கு. பீரியட் கணக்கு இல்லை.

புஞ்சை நிலா:
தாத்தா சொன்னாருங்கிறது ஆதாரம் ஆகாது.

செய்யாறு கட்டியக்காரன்:
எங்க வீட்டுல அதுதான் ஆதாரம்.

திரைத் தாய்:
இதை இப்பத்தான் பார்க்கிறேன். ஐயா, அந்தப் பெட்ஷீட் எங்க வீட்டுது. இடது பக்கம் பிடிச்சிருக்கிறது என் பையன். அந்தப் பதினோரு பீரியடுக்கு அப்புறம் எங்க வீட்டுல யாரும் சும்மா ஒரு ரூமுக்குள்ள நுழைய முடியலை. தங்கச்சியையும் கூட நிறுத்தி, வாசல்ல குறுக்கால துண்டைப் பிடிச்சுடுறான். "யாருன்னு பாடிட்டு வா"ங்கிறான். மாமியார் மாத்திரைக்குத் தண்ணி எடுக்கப் போகவும் பாட வேண்டியிருக்கு. எரிச்சலாத்தான் இருக்கு. ஆனா ஒரு விஷயமும் வாரக்கணக்கா அவன் மண்டையில நின்னு நான் பார்த்ததில்லை.

செய்யாறு கட்டியக்காரன்:
பாடச் சொல்றானா? சரி. என்ன பாட்டும்மா சொல்லிக்கொடுத்தாங்க? விருத்தமா? வீடியோவுல பாட்டே காணோமே.

திரைத் தாய்:
அதெல்லாம் எனக்குத் தெரியாது. பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு.

செய்யாறு கட்டியக்காரன்:
பிடிக்கிறது வேற, கத்துக்கிறது வேற. 1918ல மதுரையில சங்கரதாஸ் சுவாமிகள் பாய்ஸ் கம்பெனி, அதான் சிறுவர் நாடகக் குழு, ஆரம்பிச்சப்ப நாடக நடிகர் டி.கே.சண்முகத்துக்கு வயசு ஆறு. உங்க பையனை விடச் சின்னவர். பாட்டும் வசனமும் ராப்பகலா பாடம். அப்படித்தான் நடிகன் வந்தான்.

திரைத் தாய்:
அந்த ஆறு வயசுப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போச்சா ஐயா? அம்மா கூட இருந்துச்சா? ஊர் ஊரா கம்பெனியோட போச்சு. என் பையனை அப்படி அனுப்பணுமா?

செய்யாறு கட்டியக்காரன்:
அதை நான் சொல்லவே இல்லையே. ஏழரை மணி நேரத்தைப் பத்தித்தான் பேச்சு.

மேடைப்பித்தன்:
இவ்வளவு நேரம் பொறுமையா இருந்தேன். சார், எல்லாருக்கும் ஒண்ணு தெரியட்டும். இந்தப் பட்டறைக்கு முதல்ல உங்களைத்தான் கூப்பிட்டேன். ஒரு நாளைக்கு மூவாயிரம் கேட்டீங்க. ஆசிரியர்கள் கையிலிருந்து போட்ட காசு மொத்தமே ஆறாயிரம். அதனால உங்க ஊர்லயே வேற ஒருத்தரைக் கூப்பிட்டோம். வீடியோவுல மத்தளம் வாசிக்கிறாரே, அவர்தான்.

செய்யாறு கட்டியக்காரன்:
அவன் என் பெரியப்பா மகன். தாளம் பிசகுறப்பவே தெரிஞ்சுது. மூவாயிரம் அதிகமா? கல்யாணத்துல டிரோன் விடுறவனுக்கு எவ்வளவு கொடுக்கிறாங்கன்னு விசாரிச்சுப் பாரு. ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியப் பாடுறவன் கேட்டா மட்டும் பேராசை. கலைச்சேவைன்னா கலைஞன் மட்டும்தான் சேவை செய்யணும், மத்தவன் எல்லாம் போட்டோவுல நிப்பான்.

பகுதிநேர ஓவியர்:
இதுல மட்டும் நான் ஐயா பக்கம்.

செய்யாறு கட்டியக்காரன்:
நீங்க என் பக்கம் வர வேண்டாம். போன மாசம் கோயில் சுவத்துல திரௌபதி படம் வரைஞ்சது நீங்கதானே? துகிலுரியிற அன்னிக்குக் கூந்தலை அள்ளி முடிஞ்சு பூ வச்சிருக்கீங்க. விரிச்சுப் போட்ட கூந்தல்யா அது! சபதமே அதுலதான் இருக்கு.

பகுதிநேர ஓவியர்:
அது சுயம்வரக் காட்சி. பக்கத்துல அர்ச்சுனன் வில்லு வளைக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?

செய்யாறு கட்டியக்காரன்:
வில்லா அது? நான் குடைன்னு நினைச்சேன்.

யாழ் அரங்கன்:
😀 இது நல்ல நாடகம்.

மேடைப்பித்தன்:
அடுத்த வருஷமும் இதே பள்ளியில நடத்துவோம். இருபது பீரியட் கேட்டிருக்கோம்.

செய்யாறு கட்டியக்காரன்:
கேளு, கேளு. இருபது பீரியட்னா பதினஞ்சு மணி நேரம். ரெண்டு ராத்திரி கூத்துக்குக் கூட ஒரு மணி நேரம் குறையுது. முதல்ல அந்தப் பத்துக்குக் கணக்கு முடி. அந்த ஏழரை மணி நேரத்துல எத்தனை பாட்டு சொல்லிக்கொடுத்தீங்க? ஒண்ணா, ரெண்டா? இதுக்கு மட்டும் பதில் சொல்லு.

திரைத் தாய்:
பையன் பக்கத்துல உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருக்கான். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். அபிமன்னன் கடைசியில சக்கர வியூகத்தை விட்டு வெளிய வந்துடுவானா? வகுப்புல அது வரைக்கும் வரலையாம்.

செய்யாறு கட்டியக்காரன்:
வர மாட்டான். உள்ள போக மட்டும்தான் அவனுக்குத் தெரியும். பதிமூணாம் நாள் போர்ல சாவான். ஏழரை மணி நேரத்துல அங்க வரைக்கும் எப்படிப் போறது?

கணக்கு சார்:
அந்தப் பள்ளியில வேலை பார்க்கிற நண்பர்கிட்ட இப்பத்தான் கேட்டேன். அங்க பீரியட் 45 நிமிஷம் இல்லை, 40. பதினோரு பீரியட்னா ஏழு மணி இருபது நிமிஷம்.

செய்யாறு கட்டியக்காரன்:
ஒத்திகை கணக்குல வராதுன்னு எத்தனை தடவை சொல்றது?