முதலில் வாய் திறந்தது யார்? நீலகிரியின் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்க அனுபவங்கள்

தொடங்கியவர், கூடலூர்:

வணக்கம். பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆதிவாசி மக்களின் ஊர்களில் சுகாதாரப் பணிக்காக சமவெளியிலிருந்து வந்தவள் நான். தலைமை என்றால் மேடையும் மைக்கும் என்றுதான் அதுவரை என் மனதில் இருந்தது. அதை மாற்றியது ஒரு ஆடி மாத சாயங்காலம்.

தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டை என்று நான் அரைமணி நேரமாகக் கத்திப் பேசிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்த ஒரு பணியர் பாட்டி, நான் நிறுத்தியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். போன மாதம் வீட்டுக்குப் பத்து ரூபாய் பிரித்தோமே, அது யார் வீட்டில் இருக்கிறது?

யாரும் பதில் சொல்லவில்லை. காசு பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி எல்லோர் முன்னாலும் கணக்குக் கேட்கும் பழக்கம் அந்த ஊரில் அதுவரை இல்லை. வயநாட்டு வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் முன்பணம் வாங்கி, ஒரு வருஷத்துக்கு ஜன்மியிடம், அதாவது நிலக்கிழாரிடம், கட்டுண்டு கிடந்த மக்கள் அவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல்தான் வந்தது. அந்தப் பாட்டி அதற்கு முந்தைய காலத்தையும் பார்த்தவர். கணக்குக் கேட்டால் அடி விழும் என்று தெரிந்து வளர்ந்தவர், அன்று கேட்டார்.

அடுத்த மாதமே தகரப்பெட்டி ஒரு வீட்டில், சாவி இன்னொரு வீட்டில் என்று முடிவானது. பாட்டிக்கு எழுத்து தெரியாது. காசு கொடுத்த வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைப்பார். நோட்டில் 22 என்று இருந்து பாட்டிலில் 21 கொட்டை இருந்தால் கூட்டம் அங்கேயே நிற்கும்.

உங்கள் ஊரில் இப்படி முதலில் வாய் திறந்தவர் யார்? எழுதுங்கள்.

---

பந்தலூரிலிருந்து, முள்ளுக்குரும்பர்:

எங்க அப்பாவைத்தான் சொல்லணும். 1988 டிசம்பர் 5-ம் தேதி கூடலூர்ல ஊர்வலம். ஆதிவாசி முன்னேற்ற சங்கம்னு ஊர் ஊரா சேர்ந்தவங்க கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர். எனக்கு அப்ப 14 வயசு. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குரும்பர், இருளர், நாங்க முள்ளுக்குரும்பர்னு ஆதிவாசிங்க எல்லாரும் ஒரே ரோட்டுல நடந்ததை அதுக்கு முன்னாடி யாரும் பார்த்ததில்லை. கடைக்காரங்க வெளியில வந்து நின்னு பார்த்தாங்க.

எல்லாரும் அந்த நாளைத்தான் சொல்வாங்க. எனக்கு ஞாபகம் நிக்கறது அதுக்கு முந்தின ராத்திரிகள். அப்பா வேலை முடிச்சு வந்து, கஞ்சி குடிச்சு, டார்ச்சை எடுத்துட்டு அடுத்த ஊருக்குப் போவார். யானை நின்னா திரும்பி வந்துட்டு மறுநாள் போவார். நாங்க பணியர் வீட்டுல தண்ணி குடிக்காத காலம் அது. அப்பா முதல்ல அவங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து கட்டன்சாயா, அதான் பால் ஊத்தாத டீ, வாங்கிக் குடிச்சார். எங்க ஆளுங்களே ஒரு மாசம் அவர்கிட்ட சரியாப் பேசலை. அந்தச் சாயா குடிக்காம ஊர்வலம் நடந்திருக்காது, இது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் கைவிட்டுப்போன நிலத்துல தேயிலை, குறுமிளகு நட்டு உரிமையை நிலைநாட்டினாங்க. 1990-ல ஆஸ்பத்திரி வந்தது. நம்ம பிள்ளைகளே நர்ஸா நின்னு நம்ம பாஷையில வலி எங்கன்னு கேட்டாங்க.

---

சேரம்பாடிப் பக்கம், கொழுந்து எடுப்பவர்:

அண்ணா, உங்க அப்பா கதை படிச்சு கண்ணு கலங்கிடுச்சு. நாங்க சிலோன்ல இருந்து வந்த குடும்பம். தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் சிலோனும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் தாத்தா கண்டிப் பக்கமிருந்து வந்து லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, குடியேறினார். அங்கயும் எங்களைச் சொந்தம்னு சொல்லலை, இங்கயும் ரொம்ப நாள் "சிலோன்காரன்"தான்.

நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்துல கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்குன்னு கிலோ கழிப்பாங்க. வெயில் நாள்லயும் அதே கழிவு. தராசு முள் எங்களுக்குத் தெரியாத பக்கம் திருப்பி வச்சிருக்கும். எடை குறைஞ்சா அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். எங்க நிரையில இருந்த ஒரு அக்கா, வாயில்லாத மனுஷின்னு பேரெடுத்தவங்க, ஒருநாள் சாக்கைத் தராசுல வச்சுட்டு நகரவே இல்லை. "முள்ளு எங்களுக்கும் தெரியணும் ஐயா" அப்படின்னாங்க. பின்னாடி நின்ன பன்னிரண்டு பேரும் சாக்கை இறக்கி வச்சிட்டோம். யாரும் சத்தம் போடலை. கணக்கப்பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துட்டு தராசைத் திருப்பினார்.

அந்த வாரம் ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல கூடினோம், எங்க மகளிர் குழு ஆரம்பிச்சது அன்னைக்குத்தான்.

---

கோத்தகிரி, இருளர் இளைஞர்:

சுருக்கமாகச் சொல்கிறேன். காட்டு நிலத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தாலும் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது நீதிமன்ற உத்தரவால் வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. 2016-ல்தான் அந்தத் தடை நீங்கியது. அதற்குள் விஷயம் தெரிந்த பெரியவர்கள் பலர் போய்விட்டார்கள். எனக்கு மிகப் பெரிய வருத்தம் அதுதான். ஏனென்றால் ஊர்ப் பெரியவரின் வாக்குமூலத்தையும் எழுதி வாங்கினால் சான்றாகக் கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்தின் விதிகளே சொல்கின்றன.

மிச்சமிருந்தவர்களோடு நடந்தோம். தேன் எடுக்கும் பாறை, சுடுகாடு, கிழங்கு தோண்டும் சரிவு எல்லாவற்றையும் தாளில் குறித்தோம். எங்கள் பாட்டி ஒரு பலா மரத்தைக் காட்டி, "உன் தாத்தா பிறந்தப்ப நட்டது" என்றார். மனுவில் அதையும் எழுதினேன்.

---

சேரம்பாடி:

அக்கா, அந்தப் புளியங்கொட்டைப் பாட்டி இப்ப எப்படி இருக்காங்க?

---

தொடங்கியவர், கூடலூர்:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். அந்த கட்டன்சாயாவை மறக்க முடியாது.

பாட்டி இப்போது இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக் கணக்கு தொடங்கி மூன்றாவது வருஷம், அக்டோபர் 2 கிராம சபை. எங்கள் பக்கத்தில் வெகுநாள் வழக்கம் என்னவென்றால், முதலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் ரேகையும் வாங்கிவிடுவார்கள், தீர்மானம் பிறகு எழுதப்படும். மை டப்பா பாட்டியிடம் வந்தது. அவர் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். எழுதி, சத்தமாக வாசித்தால்தான் ரேகை என்றார். எங்கள் ஊரிலிருந்து போன பெண்கள் பத்தொன்பது பேரும் கையை மடக்கிக்கொண்டார்கள். நான் ஓரமாக நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன. நாலாவதாக எங்கள் ஊர்க் குடிதண்ணீர் இருந்தது. அதில் ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். பாட்டிதான் கேட்டுக் கண்டுபிடித்தார். திருத்தி எழுதி மறுபடி வாசித்த பிறகே மையில் விரலை வைத்தார்.

பாட்டில் இப்போது அவர் மருமகளிடம் இருக்கிறது. போன மாதக் கூட்டத்தில் 26 கொட்டை. மூன்று பிள்ளைகள் தனிக்குடித்தனம் வந்திருக்கிறார்கள்.