மெக்கானிக்கல் மூன்றாம் வருடம்: அசோசியேஷன் செக்ரட்டரி பொறுப்பை எடுக்கலாமா?

பவானிக்கரை_மெக்

வணக்கம்ங்க. ஈரோடு பக்கம் ஒரு காலேஜில் படிக்கிறேன். 8.7 சிஜிபிஏ, அரியர் இல்லை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், அதனால் மெஷின் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம் கிடையாது. மனிதர்களோடுதான் தகராறு. போன செமஸ்டர் மினி புராஜெக்ட்டுக்கு நாலு பேர் டீம், வேலையைப் பிரித்துக் கொடுத்தேன், மூன்று வாரம் கழித்தும் யாரும் தொடவில்லை, போய்க் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு டிராயிங், வெல்டிங், ரிப்போர்ட் எல்லாம் நானே முடித்தேன். "நீ டீம் லீடரா, இல்ல டீமே நீதானா?" என்று வைவாவில் சார் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். இப்போது டிபார்ட்மென்ட் மாணவர் அசோசியேஷனுக்குச் செக்ரட்டரியாக இருக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் மார்க் போய்விடுமா? சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பில் செல்ஃப் இன்ட்ரோ சொல்வதோடு சரி. இதையெல்லாம் பிறகு எம்பிஏவில் படித்துக்கொண்டால் போதாதா?

வார்ப்புக்காரன்

தம்பி, கோவையில் பம்ப் உதிரிகள் வார்க்கும் ஃபவுண்டரியில் பதினாறு வருடமாக இருக்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு மழைக்காலம், கேசிங்கில் (பம்பின் வெளிக்கூடு) புளோ ஹோல், அதாவது வாயு சிக்கி உண்டாகும் ஓட்டை, விழுந்து ரிஜெக்‌ஷன் ஏறிக்கொண்டே போனது. அச்சு செய்கிற மண்ணில் ஈரம் அதிகம், டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டேன், காரணம் சரிதான். ஆனால் அதை மோல்டிங் மேஸ்திரியிடம் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவருக்கு என் அப்பா வயது. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் "நீங்க படிச்சவங்க, சொல்லுங்க சார், செஞ்சர்றோம்" என்ற ஒரே பதில். தப்பாகச் சொன்னாலும் அப்படியே செய்தார்கள், அதுதான் கொடுமை.

பத்து நாள் கழித்து டீ நேரத்தில் அவர் பக்கத்தில் போய் நின்று, மண்ணைக் கையிலேயே பார்த்துச் சொல்கிறீர்களே, எப்படி என்று கேட்டேன். ஒரு பிடி எடுத்து அமுக்கி, ரெண்டாக உடைத்து, உடைந்த விளிம்பு நிற்கிறதா உதிர்கிறதா என்று காட்டினார். அப்படியே போகிற போக்கில், மண் கலக்குகிற பையன் புதுசு, மழையில் நனைந்த மண்ணுக்கும் பழைய அளவே தண்ணீர் விடுகிறான் என்றார். இது எந்த டெஸ்ட் ஷீட்டில் வரும்? அதே சமயம், மண்ணைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்திருந்தால் அவர் என்னிடம் வாயைத் திறந்திருக்கவே மாட்டார். மார்க்கை விடாதே, எம்பிஏ வரைக்கும் தள்ளியும் போடாதே.

நூல்கண்டு_திருப்பூர்

அண்ணா சொன்னது சரிதான், ஆனால் செக்ரட்டரி பதவியில் எனக்கு நம்பிக்கை இல்லை. பல காலேஜில் அது ஃப்ளெக்ஸ் அடிப்பதும் சீஃப் கெஸ்ட்டுக்குப் பொன்னாடை வாங்குவதும்தான். காசுக் கணக்கும் ஆட்களைப் பிரிக்கிற பொறுப்பும் உன் கையில் இருந்தால் மட்டும் எடு. இல்லையென்றால் என்எஸ்எஸ் போ: ரெண்டு வருடத்தில் 240 மணி நேரம், நடுவில் ஏழு நாள் கேம்ப். எங்கள் கேம்ப்பில் அடிப்பிடித்த பொங்கல் அண்டாவை யார் கழுவுவது என்று ரெண்டு டிபார்ட்மென்ட் பேசாமல் இருந்தார்கள், கடைசியில் நான் தேங்காய் நாரை எடுத்து உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொருத்தராக வந்தார்கள். இப்போது கார்மென்ட்ஸில் ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது கட்டிங்குக்கும் ஸ்டிச்சிங்குக்கும் நடக்கிற சண்டை அதே அண்டாதான்.

அஞ்சு_வருஷ_மெக்

நான் பிஎஸ்ஜி டெக்கில் சாண்ட்விச், அதாவது பிஇயையே அஞ்சு வருடம், படிப்போடு தொழிற்சாலை வேலையும் பழகுவது. "ஒரு வருஷம் வீண்தானே" என்று சொந்தக்காரர்கள் கேட்காத நாள் இல்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உனக்கு அந்த வாய்ப்பு இல்லை, சரி, லீவில் பதினஞ்சு நாள் ஏதாவது தொழிற்சாலைக்குள்ளேயே இன்பிளான்ட் டிரெய்னிங் போ, சர்ட்டிஃபிகேட் மட்டும் வாங்கிக்கொண்டு வராதே. அப்புறம், ஒரு நாட்டின் இன்ஜினியரிங் படிப்பை மற்ற நாடுகளும் ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இந்தியா முழு உறுப்பினரானது. இங்கே அந்தப் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தருவது என்பிஏ என்ற வாரியம்; படித்து முடிப்பவனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அது வைத்திருக்கும் பட்டியலில் கணக்கு, டிசைனோடு குழுவாக வேலை செய்வதும் எடுத்துச் சொல்லத் தெரிவதும் சேர்த்தியாகத்தான் இருக்கின்றன. வகுப்பில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

பவானிக்கரை_மெக்

நன்றிங்க. சிம்போசியம் கணக்கு என் பொறுப்பு என்றால் எடுக்கிறேன் என்று சொல்லப் போகிறேன். ஒரே சந்தேகம், கொடுத்த வேலையை ஒருத்தன் செய்யவில்லை என்றால் எப்படிங்ணா கேட்பது?

வார்ப்புக்காரன்

வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காதே. ஹாஸ்டல் ரூமுக்கே போய் "எங்கடா நிக்குது?" என்று கேள். முக்கால்வாசி பேருக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாது, சொல்ல வெட்கம். முதல் அரை மணி நேரம் கூட உட்கார். மறுநாளும் தொடவில்லையா, வேலையை அடுத்தவனுக்கு மாற்று, நீ மட்டும் எடுத்துக்கொள்ளாதே.