14 நகர்வில் மேட்: ஸ்டாக்ஃபிஷ் 22 என்கிறது, பாப்பாய் 5 என்கிறது, எது சரி?

ரங்கூன்_சிப்பாய்:
வணக்கம், கொஞ்சம் அவசரம். ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் செஸ் வகுப்பு. நீளமான மேட் புதிர் ஒன்று காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். பழைய புத்தகம். வெள்ளை ஆடி 14 நகர்வில் மேட் என்று போட்டிருக்கிறது, விடைப் பக்கத்தைக் காணோம். ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினில் போட்டால் 22 நகர்வு என்கிறது. ராத்திரி முழுக்க ஓடவிட்டும் அதே 22. நண்பர் ஒருவர் செஸ் புதிர் தீர்க்கிற பாப்பாய் என்று ஒரு நிரலைச் சொன்னார், அதில் போட்டால் 5 நகர்விலேயே மேட்! புத்தகம் தப்பா, கம்ப்யூட்டர் தப்பா? சீக்கிரம் சொல்லுங்க.

மோல்மீன்_மழை:
தம்பி, நிலையையே போடவில்லையே. எந்தக் காய் எங்கே நிற்கிறது? போனா லேப்டாப்பா? ஸ்டாக்ஃபிஷ் எந்தப் பதிப்பு? ஹாஷ் எவ்வளவு, திரெட் (ஒரே நேரத்தில் ஓடுகிற தேடல்) எத்தனை? பலகையை ஒரு படம் எடுத்துப் போட்டாலும் போதும்.

பெகு_ரயிலடி:
ஹாஷ்தான், வேறு ஒன்றும் இல்லை. ஸ்டாக்ஃபிஷை இறக்கி அப்படியே ஓடவிட்டால் ஹாஷ் 16 எம்பி, திரெட் 1. யாரும் அதை மாற்றுவதில்லை. பார்த்த நிலைகளைக் குறித்து வைக்கிற நினைவகம்தான் ஹாஷ். நிரம்பிவிட்டால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும், அப்புறம் பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்க்கும். 1 ஜிபியாவது கொடுங்க.

இரவு_ஷிப்ட்:
ஹாஷ் இல்லை அண்ணே, பதிப்புதான். 2020-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து நிலையை மதிப்பிட நியூரல் வலை சேர்த்தார்கள். நிஜ ஆட்டத்துக்கு அது அருமை. புதிரில் இருக்கிற மாதிரி விசித்திரமான நிலைகளில் குழம்பும். பழைய 11-ஐத் தேடிப் போடுங்க.

பெரியவர்64:
இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொத்தானை அமுக்கத்தான் தெரியும். 14 நகர்வுப் புதிர் என்றால் பலகையில் காயை அடுக்கி, பக்கத்தில் ஒரு டீயை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாள் உட்கார வேண்டும். விடையை மெஷினிடம் வாங்கிப் பிள்ளைகளுக்குக் காட்டுவது பாடமா? முதலில் தம்பி தானாக எத்தனை நகர்வு பார்த்தார் என்று சொல்லட்டும்.

வளையல்_குதிரை:
ஐயா, அவர் கேட்டது வேறு. தம்பி, எனக்கு மூன்று விஷயம் சொல்லுங்க. ஒன்று, நிலை. இரண்டு, படுக்கும்போது ஸ்டாக்ஃபிஷ் காட்டிய டெப்த் எண், அதாவது எவ்வளவு ஆழம் தேடியது என்ற எண், என்ன, காலையில் என்ன. மூன்று, பாப்பாயில் குதிரைக்கு எந்த எழுத்தைப் போட்டீர்கள்.

ரங்கூன்_சிப்பாய்:
போன்தான். பதிப்பு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ராத்திரி 38, காலையிலும் 38. கரண்ட் இல்லாததால் பேட்டரி சேமிப்பில் போட்டுவிட்டுப் படுத்தேன். நிலை: கறுப்பு ராஜா மூலையில் இரண்டே கட்டத்துக்குள் போய்ப் போய் வருகிறது, மற்ற கறுப்புக் காய்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. வெள்ளைக்கு ராஜா, ஒரு குதிரை, சிப்பாய்கள். அந்தச் சிப்பாய்களும் நகராது. படம் அப்புறம் போடுகிறேன். குதிரைக்கு ஆங்கில என் (N) எழுத்துதான், எல்லா இடத்திலும் அதுதானே?

வளையல்_குதிரை:
அதுதான் விஷயம். பாப்பாயில் என் என்ற எழுத்து குதிரை இல்லை, நைட்ரைடர். குதிரை தாவுகிற அதே திசையில், வழியில் காய் இல்லாதவரை, ஒரே நகர்வில் இரண்டு மூன்று தாவல் போகக்கூடிய கற்பனைக் காய் அது. ஆங்கில உள்ளீட்டில் சாதாரணக் குதிரைக்கு எஸ் (S) போட வேண்டும். புதிர் உலகத்தில் இது பழைய வழக்கம், ஜெர்மன் மொழியில் குதிரையின் பெயர் எஸ்ஸில் தொடங்கும்.

5 நகர்வு எப்படி வந்தது என்பதையும் பாருங்க, அதிலேயே புதிரின் சூட்சுமம் தெரியும். குதிரை ஒவ்வொரு தாவலிலும் கட்டத்தின் நிறத்தை மாற்றும். வெள்ளையில் இருந்தால் அடுத்தது கறுப்பு, அதற்கடுத்தது வெள்ளை. அதனால் புறப்பட்ட கட்டத்துக்கு இரட்டைப்படை நகர்வில்தான் திரும்ப முடியும். குதிரையால் ஒரு நகர்வை வீணடிக்கவே முடியாது. கறுப்பு ராஜாவும் இரண்டு கட்டத்துக்குள் மாறி மாறிப் போகிறது. ஆகவே குதிரை மேட் கொடுக்கும் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் கறுப்பு ராஜா தப்பான கட்டத்தில் நின்றால், குதிரை எவ்வளவு சுற்றினாலும் அது தப்பாகவே இருக்கும். நைட்ரைடருக்கு அந்தத் தடை இல்லை. பி1-இலிருந்து ஒரே நகர்வில் டி5, அங்கிருந்து சி3, திரும்ப பி1. மூன்றே நகர்வில் வீடு திரும்பிவிட்டது, ஒரு நகர்வு வீணானது. அதனால்தான் 5.

நிஜக் குதிரை என்றால் அந்த ஒரு நகர்வை வெள்ளை ராஜாதான் வீணடிக்க வேண்டும், முக்கோணம் போட்டு, அதாவது மூன்று நகர்வில் அதே கட்டத்துக்குத் திரும்பி. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், ராஜா தன் சிப்பாய்களுக்கு நடுவிலிருந்து வெளியே வந்து, சுற்றி, திரும்புவதற்கே பாதி நகர்வுகள் போகும் என்று தோன்றுகிறது. படத்தைப் போடுங்க, உறுதியாகச் சொல்கிறேன்.

பெகு_ரயிலடி:
அக்கா, பாப்பாய் சரி. 22-க்குக் காரணம் ஹாஷ்தானே?

வளையல்_குதிரை:
ராத்திரி 38, காலையிலும் 38 என்றால் அது ஓடவே இல்லை தம்பி. பேட்டரி சேமிப்பு போட்டுத் திரையை அணைத்தால் பின்னால் ஓடுகிற ஆப்பைப் போன் நிறுத்திவிடும். தூங்குமுன் வந்த 22-ஐத்தான் காலையில் பார்த்தீர்கள்.

அது நின்றிருக்காவிட்டாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டாக்ஃபிஷ் 22-இல் மேட் என்றால் 22-இல் ஒரு வழி இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அதைவிடக் குறுகிய வழி கிடையாது என்று அது சொல்லவில்லை. ஆட்டத்தை ஜெயிக்கச் செய்யப்பட்ட எஞ்சின் அது, 14-இல் ஜெயித்தாலும் 22-இல் ஜெயித்தாலும் அதே ஒரு புள்ளி. வேகத்துக்காக நல்லதாகத் தெரியாத நகர்வுகளை மேலோட்டமாகப் பார்த்துத் தள்ளிவிடும். இன்னொரு தந்திரமும் உண்டு: ஒரு பக்கம் தன் முறையைச் சும்மா விட்டுவிட்டாலும் நிலை நன்றாகவே இருந்தால், அந்தக் கிளையை அதிகம் தோண்டாது. இந்த மாதிரிப் புதிரில் அந்தத் தந்திரம் காலை வாரும். முறையைச் சும்மா விட முடிந்தால் கறுப்பு தப்பித்துவிடும். நகர்த்தியே ஆக வேண்டும் என்பதால்தான் மாட்டிக்கொள்கிறது. இதைத்தான் ஜுக்ஸ்வாங் என்கிறோம்.

பெகு அண்ணே, ஹாஷ் கூட்டினால் நிச்சயம் உதவும். நியூரல் வலைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு, 11-ஆம் பதிப்பும் இதே மாதிரிதான் வெட்டித் தள்ளும்.

இரவு_ஷிப்ட்:
அப்படியானால் பாப்பாய் மாதிரி எல்லா நகர்வையும் பார்க்கிற நிரல் 14 நகர்வை எப்படி முடிக்கும்? வெள்ளைக்கு ஒவ்வொரு முறையும் பத்து நகர்வு என்று வைத்தாலே, 14 முறை பெருக்கினால் நூறு லட்சம் கோடி. அடுத்த வருஷம்தான் விடை வரும்.

வளையல்_குதிரை:
வரிசைகளை எண்ணாதீங்க, நிலைகளை எண்ணுங்க. நகர்வது மூன்றே காய். வெள்ளை ராஜாவுக்கு அதிகபட்சம் 64 கட்டம், குதிரைக்கு 64, கறுப்பு ராஜாவுக்கு 2. பெருக்கினால் 8192. அவ்வளவுதான் மொத்த உலகமும். ஒரே நிலைக்கு எத்தனை வழியில் வந்து சேர்ந்தாலும், நினைவகத்தில் குறித்து வைத்திருந்தால் ஒருமுறை பார்த்தால் போதும். அதனால் பாப்பாய்க்கு நினைவகத்தைத் தாராளமாகக் கொடுங்க. காய்கள் எல்லாம் அவிழ்ந்து கிடக்கிற புதிரில் இது நடக்காது, அங்கே ஐந்து ஆறு நகர்வுக்கே திணறும். பூட்டிக் கிடக்கிற புதிருக்குத்தான் இந்த வழி.

லேப்டாப் கிடைத்தால் ஸ்டாக்ஃபிஷைக் கட்டளைச் சன்னலில் திறந்து, நிலையைக் கொடுத்துவிட்டு, "கோ மேட் 14" என்று அடியுங்க. 14-க்குள் மேட் கிடைக்கும்வரை தேடும், கிடைத்ததும் நிற்கும். எத்தனை சிறந்த நகர்வுகளைக் காட்ட வேண்டும் என்கிற மல்டிபிவி அமைப்பை ஐந்து ஆறு என்று வைத்தாலும் முதல் நகர்விலேயே தள்ளிவிட்ட ராஜா நகர்வை மறுபடி பார்க்க வைக்கலாம்.

அதுவும் ஓடவில்லை என்றால் பின்னாலிருந்து வாங்க. மேட்டுக்கு மூன்று நான்கு நகர்வு முன்னால் நிலை எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்து அதைப் போடுங்க. உடனே விடை சொல்லும். ஹாஷை அழிக்காமல் ஒரு நகர்வு பின்னால் போங்க, இன்னும் ஒன்று பின்னால் போங்க. கண்டுபிடித்ததை அது நினைவில் வைத்திருக்கும்.

பெரியவர்64:
பின்னாலிருந்து ஊகிக்கிற அளவுக்குப் புத்தி இருந்தால் மெஷின் எதற்கு? நாங்கள் பர்மியச் செஸ்ஸான சிட்டுயின் ஆடி வளர்ந்தவர்கள். அதில் சிப்பாய்களைத் தவிர மற்ற காய்களை எங்கே வைப்பது என்பதையே ஆடுபவர்தான் தீர்மானிக்க வேண்டும். மனப்பாடத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இரவு_ஷிப்ட்:
சிட்டுயினுக்கும் எஞ்சின் வந்துவிட்டது ஐயா. ஃபேரி ஸ்டாக்ஃபிஷ் அதை ஆடும்.

பெரியவர்64:
வந்துவிட்டதால் நல்லது என்று ஆகிவிடுமா?

வளையல்_குதிரை:
ஐயா சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். உலகப் புதிர் தீர்க்கும் போட்டி 1977-லிருந்து நடக்கிறது, அங்கே எஞ்சினைத் தொட முடியாது. பிள்ளைகளும் முதலில் கையால்தான் தேட வேண்டும். ஆனால் புதிரைக் கொடுப்பவர் அது பழுதில்லாததுதானா என்று சோதிக்க வேண்டாமா? ஆசிரியர் நினைக்காத இரண்டாவது முதல் நகர்வு இருந்தால் புதிர் கெட்டது என்று அர்த்தம். ஒரு பிள்ளை அந்த இரண்டாவது விடையைக் கண்டுபிடித்து, நாம் தப்பு என்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை அப்புறம் பலகைப் பக்கமே வராது. அந்தப் பாவத்துக்குப் பயந்துதான் நான் மெஷினிடம் போகிறேன்.

பெகு_ரயிலடி:
ஒரு சந்தேகம். வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் 50 நகர்வு போனால் டிரா என்ற விதி இருக்கிறதே, நூறு இருநூறு நகர்வு மேட் புதிர் எல்லாம் எப்படிச் செல்லும்?

மோல்மீன்_மழை:
செல்லாது. டிராதான்.

வளையல்_குதிரை:
புதிருக்குச் செல்லும். தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய, நேரடி மேட் புதிருக்கு 50 நகர்வு விதி கிடையாது என்று புதிர்க் கலைக்கான விதித்தொகுப்பே சொல்கிறது. ஹங்கேரியின் ஓட்டோ பிளாத்தி 290 நகர்வு மேட் அமைத்திருக்கிறார். 1885-இல் டிரான்ஸ்ஃபார்மரை உருவாக்கிய மூன்று பொறியாளர்களில் ஒருவர் அவர். அவருடைய புதிர்களிலும் கறுப்பு பெரும்பாலும் இப்படித்தான் பூட்டிக் கிடக்கும்.

ஆனால் ஸ்டாக்ஃபிஷ் ஆட்ட விதிப்படிதான் தேடும். வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் 50 தாண்டினால் டிரா என்று முடிவு கட்டிவிடும். தம்பியின் புதிர் 14-தான், அவருக்கு அந்தக் கவலை இல்லை.

மோல்மீன்_மழை:
டேபிள்பேஸ், அதாவது கொஞ்சம் காய்களே உள்ள நிலைகளுக்கு விடையை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த தொகுப்பு, போட்டால் எல்லாமே தெரிந்துவிடுமே?

வளையல்_குதிரை:
பலகையில் மொத்தம் 7 காய்க்குள் இருந்தால்தான், ராஜாக்களையும் சேர்த்து. அதிலும் சிசிஜி டேபிள்பேஸ் அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்வுக்கு எவ்வளவு தூரம் என்றுதான் சொல்லும், மேட்டுக்கு எவ்வளவு தூரம் என்று சொல்லாது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லோமனோசோவ் டேபிள்பேஸ் மேட் தூரத்தைக் கணக்கிட்டது, 549 நகர்வு மேட் ஒன்று அதில்தான் வந்தது. தம்பியின் நிலையில் பூட்டிய காய்களையும் எண்ணினால் 7-ஐத் தாண்டும்.

பெரியவர்64:
549 நகர்வை எந்த மனிதன் புரிந்துகொள்வான்?

இரவு_ஷிப்ட்:
யாரும் இல்லை ஐயா. இருந்தாலும் அது உண்மை.

ரங்கூன்_சிப்பாய்:
மச்சான் லேப்டாப்பில் எஸ் போட்டு ஓட்டினேன். 14 வந்துவிட்டது. முதல் நகர்வு ராஜாதான், குதிரை இல்லை. புத்தகம் சரி. ரொம்ப நன்றி அக்கா. கரண்ட் போகப் போகிறது, அப்புறம் வருகிறேன்.

வளையல்_குதிரை:
நல்லது தம்பி. பாப்பாய் எத்தனை முதல் நகர்வு காட்டியது? ஒன்றுதானா? ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை மட்டும் பார்த்துவிடுங்க.

பெகு_ரயிலடி:
நினைவகம் எவ்வளவு கொடுத்தீங்க என்றும் சொல்லிவிட்டுப் போங்க தம்பி.

பெரியவர்64:
நிலையின் படம் இன்னும் வரவில்லை. வந்தால் நானும் பலகையில் அடுக்கிப் பார்க்கிறேன். முதல் நகர்வு ராஜா என்பதை யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.