மொபைல் ஹோம் வாங்கலாமா, மாடுலர்தான் பார்க்கணுமா?

கார்த்தி:
அமெரிக்காவில் முதல் வீடு தேடுகிறோம். சாதாரண வீட்டின் விலை கைக்கு எட்டவில்லை. இந்த மாதிரி வீடுகளை வாடகை மனையில் நிறுத்தும் ஒரு பார்க்கில், 1998இல் தொழிற்சாலையில் இரண்டு பாதியாகச் செய்து இணைத்த டபுள்வைடு வீடு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. விற்பவர் மொபைல் ஹோம் என்கிறார், ஏஜென்ட் மேனுஃபாக்சர்டு என்கிறார், மனைவியின் தோழியோ மாடுலர் தவிர எதையும் தொடாதே என்கிறார். மூன்றும் ஒன்றா? இதை வாங்கலாமா?

ராஜி:
ஒன்றில்லை. 1976 ஜூன் 15 முதல் ஹட் எனும் ஃபெடரல் வீட்டுவசதித் துறையின் விதிப்படி, இரும்பு அடிச்சட்டகத்தின் மேல் தொழிற்சாலையில் செய்யப்படுவது மேனுஃபாக்சர்டு. அதற்கு முந்தையதுதான் மொபைல் ஹோம். மாடுலரும் தொழிற்சாலையில்தான் உருவாகிறது, ஆனால் மாநில, உள்ளூர் கட்டட விதிக்கு உட்பட்டது. நீங்கள் பார்த்தது மேனுஃபாக்சர்டு.

பாஸ்கரன்:
நானும் பார்க்கில் டபுள்வைடில்தான் குடியிருக்கிறேன், கார்த்தி. வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். நான் முதலில் கேட்பது, கீழே இருக்கும் நிலம் யாருடையது என்பதைத்தான். பார்க் என்றால் வீடு உங்களுடையது, மண் அவர்களுடையது. எங்கள் பார்க் கைமாறிய பிறகு லாட் வாடகை, அதாவது மனை வாடகை, ஏறிக்கொண்டே போகிறது. பிடிக்கவில்லை என்று வீட்டைத் தூக்கிக்கொண்டு போகவா முடியும்? டபுள்வைடை நடுவில் பிரித்து, இரண்டு லோடாக ஏற்றி, வேறிடத்தில் மறுபடி பொருத்த வேண்டும். செலவைக் கேட்டால் இருக்கிற இடமே போதும் என்றாகிவிடும்.

கடனும் அப்படித்தான். நிலம் சேராத வீட்டை பல மாநிலங்களில் கார் மாதிரி டைட்டில் போட்டு அசையும் சொத்தாகவே வைத்திருப்பார்கள். வட்டி கூடுதல், தவணைக் காலம் குறைவு. முன்பணம் தருவதற்குள் லீஸை முழுசாக வாங்கிப் படியுங்கள்: வாடகை எப்போது ஏறும், தண்ணீர், குப்பைக்குத் தனியா, நாளை நீங்கள் விற்றால் வாங்குபவரை பார்க் நிராகரிக்கலாமா.

அப்புறம் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, டார்ச்சோடு வீட்டுக்கு அடியில் நுழைந்து பாருங்கள். அடிவயிற்றில் கறுப்பு உறை ஒன்று இழுத்துக் கட்டியிருக்கும். அது எங்காவது பை போலத் தொங்கினால் மேலே குழாய் கசிந்து தண்ணீர் தேங்கியிருக்கலாம். நேர் மேலே உள்ள தரையை மிதித்துப் பாருங்கள். தரை அமுங்கினால் விலை பேசவே வேண்டாம்.

கார்த்தி:
நன்றி அண்ணா. ஹட் விதிப்படி செய்தது என்று காட்டும் சிவப்புத் தகடு வெளிச்சுவரில் இருக்கணுமாமே? சுவரின் வெளிப்புறத்தில் புது உறைப் பலகை (சைடிங்) அடித்திருக்கிறார்கள், ஒன்றையும் காணோம்.

பாஸ்கரன்:
டபுள்வைடுக்கு இரண்டு தகடு, பாதிக்கு ஒன்று. தொலைந்தால் ஹட் புதுசு தராது. தகட்டில் இருந்த எண்ணுக்குச் சரிபார்ப்புக் கடிதம் வாங்கலாம். கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கேட்பார்கள், அதனால் விற்பவரையே வாங்கித் தரச் சொல்லுங்கள். உள்ளே சமையலறை அலமாரிக் கதவிலோ மின்சாரப் பெட்டி பக்கத்திலோ ஒரு தாள் ஒட்டியிருக்கும், அதில் சீரியல் எண் இருக்கும். எந்தக் காற்று மண்டலத்துக்கு (காற்றின் வேகத்தை வைத்துப் பிரித்த பகுதி), எவ்வளவு கூரைப் பாரத்துக்குச் செய்தது என்பதும் அதிலேயே தெரியும். 1992இல் ஆண்ட்ரூ புயல் அடித்த பிறகு, 1994இல் காற்று விதிகளை இறுக்கினார்கள். உங்களுடையது அதற்குப் பிந்தையது. ஆனால் காற்று வேகம் குறைவான முதல் மண்டலத்துக்கென்று செய்த வீட்டைக் கடலோரப் புயல் பகுதியில் வைக்கக் கூடாது. தாளைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.