தாய் சி ஃபார்மிலிருந்து ஆளை எறியக் கற்றுக்கொள்ள முடியுமா?

திருநகர்வாசி:
மதுரையில் ஒரு மாஸ்டரிடம் மூன்று வருடமாகத் தாய் சி என்கிற சீனத் தற்காப்புக் கலை பழகுகிறேன். சீனாவில் 1956இல் தொகுத்த 24 அசைவு ஃபார்மை, அதாவது தனியாகச் செய்கிற அசைவு வரிசையை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்து காட்டுவேன். அதில் இரண்டாவதாக வருகிற ‘காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல்’ ஆளை எறிகிற அசைவுதான் என்கிறார் மாஸ்டர், ஆனால் ஜோடியாகப் பழக்குவதில்லை. போன ஞாயிறு ஜூடோ படிக்கும் நண்பனிடம் செய்து பார்த்தேன், அவன் அசையவே இல்லை, எனக்குத் தோள் வலித்ததுதான் மிச்சம். ஃபார்முக்குள் நிஜமாகவே எறிதல் இருக்கிறதா?

வைகைக்கரை:
இருக்கிறது தம்பி. உதை, அடி, எறி, பிடி என்று நான்காகத்தான் சீனர்கள் சண்டையைப் பிரிக்கிறார்கள். தோள் வலித்தது என்றால் கையால் தள்ளியிருக்கிறீர்கள். இடது பக்கம் செய்யும்போது வலது கை இடுப்போரமாக இறங்குகிறதே, அதை யாரும் கவனிப்பதில்லை, அதுதான் எதிராளியின் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்து ஆளைச் சாய்க்கிற கை. இடது கால் அவர் வலது காலுக்குப் பின்னால் போய்த் தொடையோடு தொடை ஒட்ட வேண்டும், இடது கை அவர் அக்குளுக்குக் கீழே நுழைந்து நெஞ்சுக்குக் குறுக்கே போக வேண்டும். நடுவில் ஒரு துண்டு நுழைகிற இடைவெளி இருந்தாலும் ஆள் நின்றுவிடுவார். ஒட்டியபின் இடுப்பை இடப்பக்கம் திருப்புங்கள், அவ்வளவுதான். முதலில் நண்பரை எதிர்க்காமல் நிற்கச் சொல்லி, பிறகு நடக்கச் சொல்லி, கடைசியாகத்தான் எதிர்க்கச் சொல்லிப் பழகுங்கள்.

கம்புக்காரன்:
நான் சிலம்பம். எங்களுக்கும் காலடி வரிசை தனியாகத்தான் ஆரம்பம், ஆனால் எதிரில் ஒருவர் கம்போடு நிற்கிறபோதுதான் தூரம் பிடிபடும். அதற்கும் முன்னால் இரண்டு பேரும் விழப் பழகுங்கள் அண்ணே. சிமெண்டுத் தரை வேண்டவே வேண்டாம், கல் பொறுக்கிய மணலில் செய்யுங்கள், தாடை நெஞ்சோடு இருக்கட்டும், கையைப் பின்னால் ஊன்றாதீர்கள். நான் ஊன்றி மணிக்கட்டு பிசகி இரண்டு மாதம் கம்பைத் தொடவில்லை.

திருநகர்வாசி:
ரொம்ப நன்றி. இன்று காலை மணலில் ஒரு மணி நேரம் வெறுமனே விழுந்து எழுந்தோம். அப்புறம் அந்த வலது கையை நினைவு வைத்து மெதுவாகச் செய்தேன். அவன் விழவில்லை, ஆனால் வலது குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது. தொடை ஒட்டவில்லை என்று அவனே சொன்னான். நாளைக்கு அதை மட்டும் பார்க்கப்போகிறோம்.