ஃபெடோரா வைஃபை: செலினக்ஸை அணைப்பதா, லேபிளைத் திருத்துவதா?

கெர்னல்_கிறுக்கன்
ஃபெடோரா லினக்ஸ் லேப்டாப். செலினக்ஸ் (ஃபைலுக்கும் புரோகிராமுக்கும் லேபிள் ஒட்டி, எது எதைத் தொடலாம்னு கட்டுப்படுத்தற காவல்) ஓடுது. என்டர்பிரைஸ் வைஃபை, பிஇஏபி (யூசர்நேம், பாஸ்வேர்டு கேக்கற) முறை. நெட்வொர்க் நிஜமானதான்னு சரிபார்க்கற சிஏ சான்றிதழ் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல இருக்கு. பாஸ்வேர்டு சரிதான், ஆனா திரும்பத் திரும்பக் கேக்குது. செட்என்ஃபோர்ஸ் 0 அடிச்சு செலினக்ஸ் தடையைத் தற்காலிகமா நிறுத்தினா உடனே கனெக்ட் ஆகுது. தடைகள் பதிவாகற ஆடிட் லாக்ல, வைஃபைல சேர்த்துவிடற டபிள்யூபிஏ சப்ளிகண்ட் புரோகிராமுக்கு "ரீட்" மறுப்பு. சோர்ஸ் (புரோகிராமோட லேபிள்) நெட்வொர்க்மேனேஜர்_டி, டார்கெட் (ஃபைலோட லேபிள்) யூசர்_ஹோம்_டி. ரீபூட் பண்ணா பழையபடி. நிரந்தரமா என்ன செய்யலாம்?

பச்சைத்திரை
பதிலை நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க. செலினக்ஸ் கான்ஃபிக் ஃபைல்ல என்ஃபோர்சிங்னு (தடுக்கும்) இருக்கறதை பெர்மிஸிவ்னு (தடுக்காம பதிவு மட்டும் பண்ணும்) மாத்துங்க, முடிஞ்சுது. ஒரே ஆள் புழங்கற லேப்டாப்புக்கு எதுக்கு சர்வர் காவல்? மனசு கேக்கலைன்னா லாக்ல இருக்கற மறுப்பை அனுமதி விதியா மாத்தற ஆடிட்2அலோ வெச்சு ஒரு மாட்யூல் கட்டி ஏத்துங்க. ரெண்டே கமாண்ட்.

லேபிள்_வாத்தியார்
ஒரு ஃபைலுக்காக வீட்டுக் கதவையே கழட்டி வைக்கச் சொல்றீங்க. ஆடிட்2அலோ என்ன எழுதும்னு படிச்சுப் பாருங்க: நெட்வொர்க்மேனேஜர்_டி எந்த யூசர்_ஹோம்_டி ஃபைலையும் படிக்கலாம். சான்றிதழ் மட்டுமில்ல, டாக்குமெண்ட்ஸ்ல கிடக்கறது மொத்தமும்.

சப்ளிகண்ட் ரூட்டா, அதாவது முழு அதிகாரத்தோட ஓடுது. காத்துல வர்ற முன்பின் தெரியாத பாக்கெட்டைப் பிரிச்சுப் படிக்கறதே அதோட வேலை. 2015ல இதுல வெளிவந்த ஓட்டை என்ன? வைஃபை டைரக்ட்ல (ரௌட்டர் இல்லாம நேரடியா இணையற முறை) எஸ்எஸ்ஐடிக்கு, அதாவது நெட்வொர்க் பேருக்கு, 32 பைட் இடம். வர்ற நீளத்தைச் சரிபார்க்காம காப்பி பண்ணுச்சு. ரேடியோ எட்டற தூரத்துல நின்னா போதும். லேப்டாப்பைத்தானே காபி கடைக்கும் ஏர்போர்ட்டுக்கும் தூக்கிட்டுப் போறோம், சர்வரை இல்லையே.

செய்ய வேண்டியது: ஹோம்ல புள்ளி வெச்ச "செர்ட்" ஃபோல்டர் ஒண்ணு உருவாக்கி, சான்றிதழை அதுக்குள்ள "சிபி" (காப்பி) பண்ணுங்க. "எம்வி" (நகர்த்தறது) வேண்டாம், அது பழைய லேபிளையும் சுமந்துட்டு வரும். அப்புறம் அந்த ஃபோல்டர் மேல ரீஸ்டோர்கான் -ஆர்வி, அது சரியான லேபிளை ஒட்டும். லேபிளைக் காட்டற "எல்எஸ் -இசட்" போட்டா ஹோம்_செர்ட்_டி தெரியணும்.

பச்சைத்திரை
பூச்சாண்டி காட்டாதீங்க. வேற கம்ப்யூட்டருக்குள்ள நுழையற எஸ்எஸ்ஹெச் சாவிக்கு எஸ்எஸ்ஹெச்_ஹோம்_டினு தனி லேபிள். அந்த மாட்யூல் அதைத் தொடவே தொடாது. அப்புறம், டவுன்லோட்ஸ்ல இருந்து ஃபைலைத் தேர்ந்தெடுக்க விட்டது செட்டிங்ஸ் திரைதானே? ஒரு எச்சரிக்கை கூடக் காட்டலை. பாஸ்வேர்டு தப்புன்னு நினைச்சு ஆளுங்க "சிஏ சான்றிதழ் தேவையில்லை"ன்னு டிக் பண்ணிட்டுப் போயிடறாங்க. போலி ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு அதைவிட நல்ல வாசல் உண்டா?

லேபிள்_வாத்தியார்
எஸ்எஸ்ஹெச் விஷயம் சரி, ஒத்துக்கறேன். செட்டிங்ஸ் திரை மேல குறை சொல்றதும் நியாயம்தான். அதுக்காகப் பூட்டைக் கழட்டணுமா? இந்த சர்வீஸை மட்டும் சோதிக்கணும்னா செமானேஜ் பெர்மிஸிவ் -ஏ நெட்வொர்க்மேனேஜர்_டி. மத்ததெல்லாம் காவல்லயே இருக்கும். முடிஞ்சதும் -டி போட்டு எடுத்துடுங்க.

நடுவழி
லாக்ல மறுப்பே தெரியாமலும் சில சமயம் தடை விழும். "லாக்ல எழுதாதே"ன்னு சொல்ற டோன்ட்ஆடிட் விதி மறைச்சிருக்கும். செமாட்யூல் -டிபி போட்டுத் திறந்து பாருங்க, பார்த்ததும் அந்த விதியைத் திரும்பக் கொண்டுவர செமாட்யூல் -பி. இன்னொண்ணு, கனெக்ஷன் ப்ரொஃபைல் இன்னும் டவுன்லோட்ஸைத்தான் காட்டிட்டு இருக்கும். நெட்வொர்க் செட்டிங்ஸ் மாத்தற என்எம்சிஎல்ஐ கமாண்ட்ல 802-1எக்ஸ் சிஏ-செர்ட் (சான்றிதழ் இருக்கற இடம்) பாதையைப் புது இடத்துக்கு மாத்தணும்.

கெர்னல்_கிறுக்கன்
கடைசி வரிதான் விட்டுப்போயிருந்தது. பாதையை மாத்தினேன், என்ஃபோர்சிங்லயே கனெக்ட் ஆயிடுச்சு.

பச்சைத்திரை
நாலு கமாண்ட் ஆச்சு. என்னது ரெண்டுதான்.